குனியாத நிபுணரும் குஞ்சித்தம்பியின் கைப்பிறேக்கும்

பறப்பன, ஊர்வன, நீந்துவன என்று உயிர்களைப் பிரித்து எழுதிய புத்தகங்களைப் பரீட்சைக்காக வரிவரியாக மனப்பாடம் செய்தவன் நான். அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஓர் இனம் விடுபட்டுப்போயிருக்கிறது. அது பறக்காது, ஊராது, நீந்தாது. நிற்கும். எங்காவது ஒரு லொறி பழுதாகட்டும், ஒரு கிணற்றுக் கப்பி இறுகட்டும், ஒரு தையல் மெசின் நூலை அறுக்கட்டும், பத்து நிமிடத்துக்குள் அது எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றுவிடும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளும். தலையை ஒரு பக்கம் சாய்க்கும். பழுதான பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கும். பிறகு "ம்" என்று சொல்லும். மயிலுக்கு அகவல் எப்படியோ, இதற்கு அந்த "ம்".

இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் குனியாத நிபுணர்.

ஏன் குனிவதில்லை? முதுகு வலியா? கிடையாது. கைதவறி விழுந்த சுருட்டை எடுக்க அவர் எவ்வளவு அழகாகக் குனிவார் என்று நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் காற்சட்டை அழுக்காகிவிடும் என்ற பயமா? சாரம் கட்டிய நிபுணர்களும் குனிவதில்லையே. நான் நெடுநாள் யோசித்துக் கண்டுபிடித்த காரணம் இதுதான்: குனிந்தால் பழுது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கதைக்க ஒன்றும் இருக்காது.

இந்த இனம் உலகம் முழுவதும் உண்டு என்றாலும், அது கொழுத்துப் பெருகியது இரண்டாம் உலக யுத்தகாலத்துத் திருகோணமலையில்தான் என்பது என் துணிபு. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரையும், தெரியும் என்று பொய் சொன்னவர்களையும் சேர்த்து, நேவி துறைமுகத்துக்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டது. வெளியே மிஞ்சியவை பழுதான வண்டிகளும் அவற்றுக்கு விளக்கம் சொல்பவர்களும்.

இனி எங்கள் ஊரின் ஒரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திருகோணமலையில் கைப்பிறேக் என்பது ஒரு கல். லொறியை ஏற்றத்தில் நிறுத்தினால், பக்கத்தில் இருப்பவர் குதித்திறங்கிப் பின்சில்லுக்குக் கீழே கல்லை வைப்பார். புறப்படும்போது கல் அங்கேயே கிடக்கும். அடுத்த ஏற்றத்தில் அடுத்த கல். வண்டிக்குள் ஒரு பிடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் சால்வை கொழுவுவோம், வாழைப்பழச் சீப்பு கொழுவுவோம். இழுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. இப்படியே துறைமுக வாசலுக்குப் போகும் ஏற்றம் முழுவதும் கல்லாகி, ஒருநாள் கடற்படைப் பெரியவர் ஒருவரின் கார் அந்தக் கற்களில் ஏறி இறங்கி, உள்ளே இருந்தவரின் தொப்பி கூரையில் இடித்துக் கண்ணை மூடிவிட்டதாம். மறுநாளே கட்டளை வந்தது. இனிமேல் கல் கூடாது. ஒவ்வொரு வண்டியும் வாசல் ஏற்றத்தில் கைப்பிறேக்கில் மட்டும் ஐந்து நிமிடம் நின்று காட்ட வேண்டும். நிற்காத வண்டிக்குப் பாஸ் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, சம்பூர்க் குஞ்சித்தம்பியின் சின்ன லொறி அந்தச் சோதனைக்குப் போனது. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த பெட்டி. பெட்டி நிறையத் தம்பலகாமத்துப் பூசணியும் கத்தரியும், எல்லாம் நேவிக் குசினிக்கு. குஞ்சித்தம்பி பிறவியில் கடற்காரர். குடாவில் மீன் பிடிக்க நேவி தடை போட்டதால், வள்ளத்தை விற்று இந்த லொறியை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பாஸ் இருந்தால்தான் உள்ளே போகலாம், பெற்றோல் கூப்பனும் கிடைக்கும். பாஸ் போனால் லொறி வீட்டு வளவில் கோழி அடைக்கத்தான் உதவும். திரும்பிப் போக வள்ளமும் இல்லை.

லொறி ஏற்றத்தில் நின்றது. குஞ்சித்தம்பி பிடியை இழுத்துவிட்டு இறங்கினார். லொறி அவர் இறங்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு பின்பக்கமாகப் புறப்பட்டது. அவர் பின்னால் ஓடினார். பூசணிக்காய்கள் அவரை முந்தின. அடிவாரத்து மணல் மூட்டைகளில் முட்டி லொறி நின்றது.

வாசற் சார்ஜன் ஒரு வெள்ளைக்காரர், சிவந்த முகம், சிரிக்காத மீசை. மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டு மணி. அதற்குள் நின்று காட்டாவிட்டால் பாஸ் கிழிபடும்.

இரண்டு மணித்தியாலம் இருந்தது. குஞ்சித்தம்பி லொறிக்குக் கீழே புகுந்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்த அதே கணத்தில், யேசுரட்ணம் ஐயா வந்து நின்றார்.

ஐயா தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பவர். கடிதங்கள் ஒன்பது மணியிலிருந்து அவருக்காகக் காத்திருந்தன. காத்திருக்கட்டுமே. அவர் லொறியை இரண்டு முறை வலம் வந்தார். ரயரைச் சப்பாத்து நுனியால் ஒருதரம் உதைத்தார். தூரத்தில் நின்ற கப்பலைப் பார்த்தார்.

"ம்," என்றார்.

பிறகு லொறிக்கு அடியில் தெரிந்த கால்களைப் பார்த்துக் கேட்டார்: "எத்தனையாமாண்டு வண்டி?"

"முப்பத்தி நாலு, ஐயா."

"ஆ. அதுதான்."

"ஏன் ஐயா, முப்பத்தி நாலெண்டா என்ன?"

"முப்பத்தி மூண்டெண்டா வேற கதை."

இதற்கு மேல் விளக்கம் கேட்பது மரியாதையில்லை என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஐயா தொடர்ந்தார். "கேபிள் இழுபட்டுப் போச்சுது. கொழும்பில எனக்குத் தெரிஞ்ச ஒரு டொக்டற்ர காரும் இதே மாதிரித்தான், ஒரு நாள் தன்பாட்டில போய் ஒரு பேக்கரிக்குள்ள நிண்டது."

"கேபிள் நல்ல இறுக்கமா இருக்குது ஐயா. பிடிச்சுக்கொண்டுதான் படுத்திருக்கிறன்."

"அது வெளியால இறுக்கம். உள்ளுக்கு இழுபட்டிருக்கும்."

இந்த இனத்தைப் பற்றி இன்னொரு குறிப்பு: தனியாக நெடுநேரம் வாழாது. மறுத்துப் பேச ஒருவர் வேண்டும். அவரும் வந்தார். தெருவோரச் சோடாக் கடை முதலாளி கலீலுர் றஹ்மான், சாரத்தை மடித்துக் கட்டியபடி, இன்னும் மூன்றடி தூரம் இருக்கும்போதே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கேபிளாம்! ஸ்பிறிங் ஐயா, ஸ்பிறிங். என்ர சோடா மெசின்ல இந்த ஸ்பிறிங்தான் போன மாசம் போனது."

"சோடா மெசினுக்குக் கைப்பிறேக் இருக்கோ?"

"இருந்திருந்தா இப்பிடித்தான் போயிருக்கும்."

கூட்டம் சேர்ந்தது. கேபிள் கட்சி, ஸ்பிறிங் கட்சி என்று பிரிந்தது. பெற்றோலில் நேவிக்காரன் தண்ணீர் கலக்கிறான், அதுதான் பிறேக் பிடிக்கவில்லை என்று மூன்றாவது கட்சியும் ஒன்று முளைத்தது. பெற்றோலுக்கும் கைப்பிறேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நாலாவது கட்சி முளைக்கும் என்ற பயம்தான்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? முன்வரிசையில். எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க வாசலுக்கு வந்தவன், விண்ணப்பத்தை வெயிலுக்குத் தலையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவன் நான். அப்பா கரைவலை இழுத்து, குனிந்து குனிந்து என்னைக் கொழும்பில் பௌதிகம் படிக்க வைத்தார். அதன் பலனாக எனக்குக் குனியத் தேவையில்லாமல் போய்விட்டது.

"தம்பி பீ.எஸ்ஸி அல்லோ," என்றார் யேசுரட்ணம் ஐயா. "சொல்லுங்கோ பாப்பம். கேபிள்தானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லொறிக்கு அடியிலிருந்து குஞ்சித்தம்பியும் தலையை நீட்டிப் பார்த்தார். நான் ஒரு குச்சி எடுத்து மணலில் முக்கோணம் கீறினேன். இது சரிவு என்றேன். இது பாரம். இது பாரத்தின் கூறு. இது அதை எதிர்க்கும் உராய்வு. ஒரு கோணத்துக்கு எழுத்துக் கூடப் போட்டேன். கடைசியில் நிமிர்ந்து, "உராய்வு குறைஞ்சு போச்சுது," என்றேன்.

"அதைத்தான் நானும் அப்பவே சொன்னனான்," என்றார் ஐயா.

"எங்க தம்பி குறைஞ்சிருக்குது?" என்று கேட்டார் குஞ்சித்தம்பி. அவர் கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை.

நான் யோசித்தேன்.

"பொதுவாக," என்றேன்.

அவர் தலை மெதுவாக உள்ளே போனது. நாலு வருடம் படித்த படிப்பின் மொத்தச் சாரம் அந்தப் "பொதுவாக". இன்றைக்கும் படுக்கையில் அது நினைவுக்கு வந்தால் புரண்டு படுப்பேன்.

மணி பதினொன்று ஆனபோது, எதிரே ஆப்பக்கடை வைத்திருந்த பரீனா அகப்பையோடு தெருவைக் கடந்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமை தீர்ந்த முகம்.

"இஞ்ச பாருங்க, ஒரு மணித்தியாலமா எல்லாரும் வாயாலயே லொறி திருத்துறீங்க. ஆப்பம் அங்க காயுது. ஒரு மனிசன் கடைப்பக்கம் வரல்ல. மனிசனை விடுங்க, என்ர கடையில படுத்துக் கிடக்கிற பூனை ஏழும் இந்த லொறிக்குக் கீழ வந்து கிடக்கு. தம்பி, மீனா ஏத்தினீங்க?"

"இல்லை அக்கா. பூசணியும் கத்தரியும்தான்."

"பூசணி திண்ட பூனைய நான் காணல்ல."

"பூனை நிழலுக்கு வந்திருக்கும்," என்றார் யேசுரட்ணம் ஐயா. "எதையும் விஞ்ஞானமா யோசிக்கோணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன்.

பரீனா அதைக் காதில் வாங்கவில்லை. "தம்பி, பிடிய இழுத்தா கேபிள் இறுகுதா?"

"ஓம் அக்கா, நல்லா இறுகுது."

"இறுகியும் சில்லு சுத்துதா?"

"சுத்துது."

"அப்ப சில்லுக்கு உள்ளதானே பாக்கோணும்? ஏன் எல்லாரும் வெளியில நிண்டு சண்டை பிடிக்கிறீங்க?"

பரீனா முந்தானையை இடுப்பில் செருகினார். பின்சில்லுக்குப் பக்கத்தில் போனார்.

குனிந்தார்.

முகர்ந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பினார். "சுறா!"

குஞ்சித்தம்பி லொறிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. களவு பிடிபட்டவர் போலத் தலையைச் சொறிந்தார்.

"சுறா எண்ணெய்தான் அக்கா... வள்ளத்துக்கு வருசத்தில ரெண்டு தரம் பூசுறனாங்கள், உப்புக் காத்து மரத்தைத் தின்னாமல். இது இரும்பு எண்டபடியால் கிழமைக்கு ஒருக்காப் பூசினனான். போன ஞாயிற்றுக்கிழமை சில்லுக்குள்ள கிறீச்கிறீச்செண்டு சத்தம். கழட்டி உள்ளுக்கும் நல்லா ஊத்திப் பூசினனான். சத்தம் நிண்டிட்டுது."

"சத்தம் போட்டதே பிறேக்தானே தம்பி! அதின்ர வாயில எண்ணெய ஊத்தினா அது எப்பிடிப் பிடிக்கும்?"

நான் முக்கோணத்தைக் காலால் மெதுவாக அழித்தேன்.

இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. கழற்றிப் பூசத் தெரிந்தவருக்குக் கழற்றித் துடைக்கத் தெரியாதா? குஞ்சித்தம்பியும் பூசணி இறக்க வந்த இரண்டு பேரும் முன்சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, சில்லுகளைக் கழற்றினார்கள். உள்ளே, சில்லின் சுவரை நெருக்கிப் பிடிக்க வேண்டிய வளைந்த துண்டுகள், பிறேக் சப்பாத்து என்பார்கள், நாலும் எண்ணெயில் பளபளத்தன. யேசுரட்ணம் ஐயா இந்த நேரம் முழுவதும் மேலே நின்று உதவினார். "இடப்பக்கம் திருகும்" என்பார். அது வலப்பக்கம் திருகும். "அதைத்தான் சொன்னனான், எனக்கு இடம்" என்பார்.

பரீனா பார்ச் சவுக்காரமும் சுடுதண்ணீரும் சாம்பலும் கொண்டுவந்து சில்லின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவினார். பிறகு ஆப்பச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நாலு சப்பாத்தையும் அடுப்புத் தணலில் வைத்தார். ஊறிய எண்ணெய் எரிந்து போகவேண்டும் அல்லவா?

எரிந்தது. ஐயோ, எப்படி எரிந்தது! நீலமும் மஞ்சளுமாகப் புகை எழும்பி, கடற்காற்றில் சாய்ந்து, நேராகத் துறைமுக வாசலுக்குப் போனது. ஆண்டுக்கணக்கில் செத்துக் கிடந்த சுறா ஒன்று எழும்பி வந்து ஊர்ச் சனத்திடம் நலம் விசாரித்தால் எப்படி மணக்குமோ அப்படி மணந்தது. ஏழு பூனையும் எழுபதாயின. காகங்கள் வானத்தில் கூட்டம் கூடின. வாசலில் நின்ற காவலாளி ஒருவன் மூக்கைப் பிடித்தான், இருமினான், பிறகு சந்தேகப்பட்டு, நச்சுப்புகை வந்தால் எச்சரிக்கை அடிக்கவென்று கொடுத்திருந்த மரக்கிலுகிலுப்பையை எடுத்து மடமடவென்று சுழற்றினான். அவ்வளவுதான். வாசற் காவல் முழுவதும் முகமூடியை மாட்டிக்கொண்டு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்தது.

"பாத்தியளோ," என்றார் கலீலுர் றஹ்மான் கண்ணீர் வடிய, "நான் ஸ்பிறிங் எண்டு சொன்னனான், கேட்டியளே?"

குஞ்சித்தம்பி எதையும் பார்க்கவில்லை. வள்ளத்தோடு விற்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரே சாமான், துடுப்பு தேய்க்கிற காய்ந்த திருக்கைத் தோல், அவர் இருக்கைக்குக் கீழே இருந்தது. அதை எடுத்துச் சுட்ட சப்பாத்துகளைச் சொரசொரவென்று தேய்த்தார். பூட்டினார். சில்லை மாட்டினார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது லொறி ஏற்றத்தில் ஏறியது.

சார்ஜன் முகமூடியோடு எழும்பி வந்தார். அதன் கண்ணாடி வட்டத்துக்கு நேரே மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தார். கையைக் காட்டினார். குஞ்சித்தம்பி பிடியை இழுத்தார்.

கிறீச்!

அந்தச் சத்தம் கேட்டதும் பரீனா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குஞ்சித்தம்பி இறங்கிப் போய்த் தள்ளி நின்றார்.

ஒரு நிமிடம். லொறி நின்றது. இரண்டு நிமிடம். கூட்டத்தில் எல்லாரும், நானும்தான், வலது காலை நிலத்தில் ஊன்றி அமத்திக்கொண்டிருந்தோம். மூன்றாவது நிமிடத்தில் லொறி ஒரு சாண் அளவு பின்னால் வழுக்கியது. குஞ்சித்தம்பி கண்ணை மூடினார். "சம்பூரில கோழி நிறைய இருக்குது" என்று அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. ஒரு சாணோடு லொறி நின்றது. நாலு. அதன்மேல் ஒரு காகம் வந்து குந்தியது. எழுபது பேர் சேர்ந்து அந்தக் காகத்தை மனதால் எழுப்ப முயன்றோம். ஐந்து.

சார்ஜன் தலையசைத்தார். பாசில் முத்திரை விழுந்தது. குஞ்சித்தம்பி அப்படியே தெருவில் குந்திவிட்டார்.

முகமூடிக்குள்ளிருந்து சார்ஜன் என்னவோ கேட்டார். இங்கிலீஸ் தெரிந்தவன் என்று என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். பிறேக்குக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். சுறா எண்ணெய், ஆப்ப அடுப்பு, திருக்கைத் தோல். இதையெல்லாம் எந்த இங்கிலீசில் சொல்வது? உள்ளூர் முறை என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என் பட்டத்தால் அன்றைக்கு ஆன ஒரே காரியம் அதுதான் என்று சந்தோசப்பட்டேன்.

சந்தோசம் ஒரு கிழமை நீடித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் அறிவித்தல் தொங்கியது. சோதனைக்கு வரும் லொறிகள் யாவும் முதலில் "உள்ளூர் முறை" செய்துகொண்டு வரவேண்டும். அது என்ன முறை? லொறிக்காரர் எல்லாரும் விசாரித்துக்கொண்டு ஆப்பக்கடைக்கு வந்தார்கள். பரீனா ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கடை வாசலில், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி, யேசுரட்ணம் ஐயா நின்றார்.

"முறையை நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றார். "கவனமாக் கேளுங்கோ. முதல்ல சுறா எண்ணெயை நல்லா ஊத்திப் பூசோணும்."

அன்று காலை மூன்று லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றத்திலிருந்து பின்பக்கமாக இறங்கின. பரீனா இரண்டாவது அடுப்பு மூட்டினார். குஞ்சித்தம்பி கத்தரிக்காயோடு மெதுவாக அவற்றைக் கடந்து வாசலுக்குள் போனார்.

வாசகரே, இதுவரை யேசுரட்ணம் ஐயாவைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. பிறேக் சப்பாத்தைத் தணலில் வைத்தார்கள் என்று நான் எழுதிய இடத்தில் உங்கள் தலை மெல்ல ஆடியதே, அது என்ன? "எண்ணெய் ஊறினதைச் சுட்டுச் சரிவராது, புதிது போடவேண்டும்" என்று உங்களுக்குள் யாரோ சொன்னார்களா? நல்லது. ஒரு பிறேக் சப்பாத்தை வாழ்நாளில் ஒருதரமாவது கையில் எடுத்திருக்கிறீர்களா? இல்லையா? வெட்கப்பட வேண்டாம். நானும் எடுத்ததில்லை. இதை முழுவதும் நின்றபடி பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், எனக்கும் இடம் வேண்டும். அதோ, யாரோ ஒருவரின் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது போலிருக்கிறது.